நோயா, பழுதா?

விழித்திரைப் படங்கள் மூன்றை அருகருகே வைத்துப் பார்ப்பதாகக் கொள்வோம். ஒன்று மேலூர்ப் பக்கத்து விவசாயியின் வலது கண். இன்னொன்று உசிலம்பட்டியிலிருந்து வந்த பாட்டியின் இடது கண். மூன்றாவது செல்லூர்த் தறிக்காரருடையது. மூன்றிலும் மேல் வலது மூலையில் மங்கலாக ஒரு வெள்ளைப் பொட்டு. சர்க்கரை நோய் முற்றினால் விழித்திரையில் கொழுப்பு கசிந்து இப்படிப் புள்ளிகள் விழுவதுண்டு. ஆனால் வயதும் ஊரும் வேறான மூன்று பேருக்கு, அச்சு மாறாமல் ஒரே இடத்தில் கசியுமா? கசியாது. கேமராவின் முன் லென்ஸில் தூசி படிந்திருக்கிறது.

மருத்துவப் பட எந்திரங்களைப் பழுதுபார்ப்பவரின் தொழில் முழுவதும் இந்தச் சின்னத் தர்க்கத்தின்மேல் நிற்கிறது. நோய் ஆளோடு வீட்டுக்குப் போகும். பழுது எந்திரத்தோடு தங்கிவிடும். மருத்துவர் படத்தில் உடம்பைத் தேடுகிறார். மருத்துவமனைகளில் ‘சர்வீஸ் இன்ஜினியர்’ என்று அழைக்கப்படும் இவர் அதே படத்தில் எந்திரத்தைத் தேடுகிறார். எந்தப் பகுதி கெட்டால் படத்தில் எந்த வடு விழும் என்பது தற்செயல் கிடையாது. ஒவ்வொரு வடுவுக்கும் பின்னால் இயற்பியல் இருக்கிறது. அதைத் தெரிந்தவர், எந்திரத்தின் மூடியைக் கழற்றும் முன்பே பழுதின் முகவரியைப் படத்திலேயே படித்துவிடுகிறார்.

தூசியையே எடுத்துக்கொள்வோம். அது எங்கே இருக்கிறது என்பதையும் படமே சொல்லும். புள்ளி கூர்மையாக, கருப்பாகத் தெரிந்தால் தூசி படம் பதியும் சென்சாருக்கு அருகில் கிடக்கிறது. கேமராவின் குவியம் அங்கேதான் விழுகிறது. மங்கலாக, வெளிறிப்போய்த் தெரிந்தால் தூசி முன் லென்ஸில் இருக்கிறது. குவியத்துக்கு வெகுதூரத்தில் நின்று ஃபிளாஷ் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது.

இந்த வகை அறிவை ஒரு பாடமாகவே நடத்தும் ஊர் மதுரை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவைக்காக உலகப் புகழ் பெற்றது எல்லாருக்கும் தெரியும். அதே வளாகத்தில் கருவிப் பராமரிப்புக்கெனத் தனிப் பிரிவு இருப்பதும், வேறு மருத்துவமனைகளின் ஆட்கள், வெளிநாட்டினர் உட்பட, அங்கே வந்து பழுது பார்க்கக் கற்றுப் போவதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காரணம் எளிது. நாளெல்லாம் நோயாளிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு கேமரா நின்றால் வரிசையே நின்றுவிடும். கம்பெனி ஆள் வெளியூரிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது.

வளையம் சொல்லும் முகவரி

கண்ணைவிட்டு உடம்புக்கு வருவோம். சி.டி. ஸ்கேன் படத்தில் மூளையின் நடுவே, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் மெல்லிய வட்டம் ஒன்று சில சமயம் தெரியும். உடம்பில் இவ்வளவு துல்லியமான வட்டத்தில் எந்த நோயும் வளராது. பழுதுபார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, வட்டத்தின் ஆரம் எவ்வளவு என்பதுதான்.

சி.டி. எந்திரத்துக்குள் ஒரு பக்கம் எக்ஸ்-ரே குழாயும் எதிர்ப்பக்கம் நூற்றுக்கணக்கான டிடெக்டர்களும் பொருத்திய பெரிய சக்கரம் சுழல்கிறது. ஒவ்வொரு டிடெக்டரும் பல கோணங்களிலிருந்து உடம்பை ஊடுருவி வரும் கதிரை அளக்கிறது. அந்த அளவுகளிலிருந்து கணினி குறுக்குவெட்டுப் படத்தைக் கட்டுகிறது. இதில் ஒரே ஒரு டிடெக்டர் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் எந்தக் கோணத்தில் நின்றாலும், அந்த டிடெக்டருக்கு வரும் கதிர் மையத்திலிருந்து ஒரே தூரத்தில்தான் கடக்கும். செக்கு மாட்டின் தடம் மையத்தை விட்டு விலகவும் முடியாமல் நெருங்கவும் முடியாமல் வட்டமாகவே விழுவதைப்போல, அதன் பிழையும் படத்தில் வட்டமாக விழுகிறது. நடு டிடெக்டர் என்றால் சின்ன வட்டம். ஓரத்து டிடெக்டர் என்றால் பெரிய வட்டம். ஆரத்தை அளந்தால் எத்தனையாவது டிடெக்டர் என்று தெரிந்துவிடும்.

எல்லா வளையத்துக்கும் டிடெக்டரை மாற்ற வேண்டியதில்லை. டிடெக்டரின் அளவு வெப்பநிலையோடு நகரும். மதுரையில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும்போது ஸ்கேன் அறையின் ஏ.சி. சரியாக ஓடவில்லை என்றால் வளையங்கள் எட்டிப் பார்க்கும். அப்போது ஏ.சி. மெக்கானிக்தான் மருந்து. அதற்குப் பின் ‘பேண்டம்’ என்னும் தண்ணீர் நிரப்பிய உருளையை எந்திரத்துக்குள் வைத்து ஸ்கேன் செய்வார்கள். 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்த எந்திரத்தை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் பெயரால் வழங்கும் அளவுகோலில் தண்ணீருக்கு மதிப்பு 0, காற்றுக்கு −1000. நேற்றுவரை 0 காட்டிய தண்ணீர் இன்று 12 காட்டினால், தண்ணீர் மாறவில்லை, எந்திரம் மாறியிருக்கிறது. உடம்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், மாறாத ஒன்றை வைத்து எந்திரத்தைச் சோதிக்கிறார்கள்.

அந்தச் சக்கரத்தின் வேகத்தையும் யோசிக்க வேண்டும். இதயத்தைப் படமெடுக்கும் எந்திரங்களில் ஒரு சுற்றுக்கு 0.3 விநாடிதான். மையத்திலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கும் எக்ஸ்-ரே குழாயின்மேல் அப்போது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு விசை. பழுதுபார்த்துவிட்டு ஒரு ஸ்க்ரூவைச் சரியாக முறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஸ்க்ரூவுக்கு எவ்வளவு முறுக்கு என்று கையேட்டில் எண்ணாகவே எழுதியிருப்பார்கள். அதற்கான டார்க் ஸ்பேனர் இல்லாமல் யாரும் அங்கே கை வைப்பதில்லை.

நூற்றுக்கு ஒன்று

எக்ஸ்-ரே குழாய் ஒரு விசித்திரமான விளக்கு. அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்குதான் எக்ஸ்-ரே ஆகிறது. மிச்சம் 99 பங்கும் வெறும் சூடு. அதுவும் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இடத்தில் குவிகிற சூடு. 3,422 டிகிரியில்தான் உருகும் டங்ஸ்டனால்கூட அதை நின்ற இடத்தில் நின்று தாங்க முடியாது. அதனால் டங்ஸ்டன் தட்டைச் சுழலவிட்டு, சூடு ஒரே புள்ளியில் விழாமல் பரப்பிவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 3,000 முதல் 10,000 சுற்றுவரை அது சுழலும்.

சுழலும் எதற்கும் பேரிங் வேண்டும். பேரிங்குக்குக் கிரீஸ் வேண்டும். குழாய்க்குள்ளோ வெற்றிடம். கிரீஸ் வைத்தால் அந்தச் சூட்டில் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுத்துவிடும். எனவே குண்டுகளின்மேல் வெள்ளி அல்லது ஈயத்தை மெல்லிய பூச்சாகப் பூசி, அந்த மென்மையான உலோகத்தையே கிரீஸாகப் பயன்படுத்தினார்கள். பூச்சு தேயத் தேய ஓசை மாறும். பழகிய சர்வீஸ் இன்ஜினியர், படம் எடுத்தபின் தட்டு சுழன்று ஓயும் சத்தத்தைக் காதால் கேட்டே குழாய்க்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்று கணிப்பார். காலையில் எடுத்தவுடன் குளிர்ந்த குழாயில் பெரிய எக்ஸ்போஷர் கொடுத்தால், டங்ஸ்டன் தட்டு ஓரிடத்தில் மட்டும் விரிந்து வெடித்துவிடலாம். ஆகவே நோயாளி இல்லாமல் சின்னச் சின்ன ‘வார்ம்-அப்’ கொடுத்துச் சூடேற்றுகிறார்கள். இதைச் சோம்பலில் விட்டதால் போன குழாய்கள் நிறைய. ஒரு சி.டி. குழாயின் விலை பல லட்சம்.

இந்த எந்திரங்களின் பெரிய எதிரி அறைக்கு வெளியே இருக்கிறது. மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் தெருக்கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுப் பிளக்கில் 400 வோல்ட் வரை ஏறலாம். ‘நியூட்ரல் கட்’ என்று இதற்குப் பெயர், இதில் டி.வி.யைப் பறிகொடுக்காத தெரு குறைவு. தேனிப் பக்கத்தில் அரவிந்தின் கிராமப்புறக் கண் மையங்களை நீண்டதூர வைஃபையால் இணைத்த கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2008இல் தங்கள் அனுபவத்தை எழுதியபோது, கருவிகளைக் கொன்றவற்றில் முதன்மையாகக் கெட்ட மின்சாரத்தைத்தான் சொன்னார்கள். 500 வோல்ட்டைத் தாண்டிய திடீர்ப் பாய்ச்சல்களை அவர்கள் அளவி வைத்தே பதிவு செய்திருந்தார்கள்.

அடுத்தது எர்த். எந்திரத்தின் சிறு சிறு மின் கசிவுகளும் இரைச்சலும் மண்ணுக்குள் போய்ச் சேர, எர்த்தின் மின்தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். மதுரைச் சமவெளியின் அடியில் கிடப்பது கடினப் பாறை. மேலே மெல்லிய மண். மண்ணில் மின்சாரத்தைக் கடத்துவது ஈரமும் அதில் கரைந்த உப்பும்தான். அதனால் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு மூடுகிறார்கள். கோடையில் மண் காய்ந்தால் தடை ஏறும்; ஸ்கேன் படத்தில் காரணம் தெரியாத கோடுகளும் புள்ளிகளும் வரும். சென்னையிலிருந்து விலையுயர்ந்த போர்டோடு வந்து இறங்கும் இன்ஜினியர், முதலில் கட்டடத்தின் பின்பக்கம் போய் எர்த் குழிக்கு யாராவது தண்ணீர் ஊற்றினார்களா என்று பார்ப்பது இதனால்தான்.

செப்பு அறையும் கோடை பண்பலையும்

எம்.ஆர்.ஐ. அறை ஒரு வானொலி நிலையம். 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் 63.87 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலையை வாங்கி, அதே அதிர்வெண்ணில் திருப்பி அனுப்புகிறது. தென் மாவட்டங்கள் முழுக்கக் கேட்கும் கோடை பண்பலை 100.5 மெகா ஹெர்ட்ஸ். அதாவது உடம்பு பேசும் அலைவரிசை, வானொலிப் பெட்டியின் எல்லைக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. உடம்பின் குரலோ மிக மிக மெலிது. வெளியுலகின் எந்த அலையும் உள்ளே வராமலிருக்க அறையின் சுவர், தரை, கூரை, கதவு எல்லாவற்றையும் செப்புத் தகட்டால் மூடுகிறார்கள். ஜன்னல் கண்ணாடிக்குள்ளும் செப்பு வலை இருக்கும்.

அந்த உறையில் ஒரு விரிசல் விழுந்தால் படத்தில் ஜிப் வைத்துத் தைத்ததுபோல் புள்ளிக்கோடு ஒன்று ஓடும். ‘ஜிப்பர்’ என்றே இதற்குப் பெயர். வெளியிலிருந்து வரும் அலைக்கு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் உண்டு, எம்.ஆர்.ஐ. அதிர்வெண்ணைத்தான் இடமாக மாற்றிப் படமாக்குகிறது. எனவே அந்த அலையின் அதிர்வெண் எதுவோ, அதற்குரிய வரிசையில் கோடு விழும். பல நேரம் குற்றவாளி கதவு. கதவோரத்தில் வரிசையாகப் பதித்த செப்பு விரல்கள், ஆயிரம் முறை திறந்து மூடியதில் வளைந்து போயிருக்கும். சில நேரம் அறைக்குள் யாரோ மாட்டிய புது எல்.இ.டி. விளக்கு.

இதைவிட வியப்பான பழுது ஒன்று உண்டு. படம் முழுவதும், தலை முதல் கழுத்து வரை, சாய்வாகக் கோடு போட்ட துணிபோல் தெரியும். இதற்குக் காரணம் ஒரே ஒரு கணத்துப் பொறி. எம்.ஆர்.ஐ. படத்தைப் புள்ளி புள்ளியாக எடுப்பதில்லை. படத்தை ஆயிரக்கணக்கான அலைவரிகளின் கூட்டாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியின் வலிமையையும் தனித்தனியாக அளக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டிய வழி இது. ஒவ்வொரு வரியும் படம் முழுவதிலும் பரவியிருப்பதால், ஓர் அளவு தப்பினால் அந்த ஒரு வரி படம் முழுக்க ஏறிவிடுகிறது. தளர்ந்த ஒரு ஸ்க்ரூ, உலர்ந்த ஏ.சி. காற்றில் துணியிலிருந்து தாவிய நிலைமின்சாரம், அறைக்குள் எங்கோ அதிரும் ஓர் இரும்புத் துண்டு, எதுவாகவும் இருக்கலாம். எது என்று தேடுவதற்குப் போகும் நேரம், சரி செய்வதற்கு ஆகும் நேரத்தைவிடப் பல மடங்கு.

காந்தத்தின் கதை இன்னும் பெரிது. மதுரையில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. எம்.ஆர்.ஐ. காந்தம் அதைப்போல் 37,000 மடங்குக்கும் மேல். நையோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளை −269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கவைத்தால் அது மின்தடையே இல்லாத மீக்கடத்தி ஆகிறது. ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். காந்தத்துக்கு ‘ஸ்விட்ச் ஆஃப்’ கிடையாது. இரவில், பவர்கட்டில், ஞாயிற்றுக்கிழமையில் எப்போதும் அது உயிரோடு இருக்கிறது. இதை மறந்து ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போனதால் 2018இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஓர் உயிர் போனது. பழுதுபார்ப்பவரின் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும்கூட இந்த அறைக்கென இரும்பில்லாமல் தனியாகச் செய்தவை.

ஹீலியம் ஆவியாகாமல் காப்பது ‘கோல்டு ஹெட்’ என்னும் குளிர்விப்பான். அதன் ‘கீச்... கீச்...’ ஓசை கேட்கும்வரை காந்தம் நலம். மின்சாரமோ குளிர்நீர் தரும் சில்லரோ நின்றால் ஓசையும் நிற்கும். ஹீலியம் மெல்லக் கொதிக்கத் தொடங்கும். குளிர்ச்சி குலைந்து கம்பியில் மின்தடை திரும்பிவிட்டால், திரவம் முழுவதும் சில நிமிடங்களில் வாயுவாகிக் குழாய் வழியே வானத்துக்குப் போய்விடும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். பழைய காந்தங்களில் ஆயிரம் லிட்டருக்கு மேல் இருக்கும். இந்தியாவுக்கு ஹீலியம் வருவதோ வெளிநாட்டிலிருந்து.

இந்த ஹீலியத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்கதை உண்டு. 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தின்போது, குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானியல் ஆய்வகத்தின் போக்சனும் நிறமாலைமானியோடு நின்றார்கள். அந்த ஆண்டு சூரிய ஒளியில் கண்ட மஞ்சள் கோடு, பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதனால் ஆங்கில வானியலாளர் லாக்கியர் அந்தத் தனிமத்துக்குச் சூரியனின் பெயரையே வைத்தார். பூமியில் அதைக் கண்டுபிடிக்க 1895 ஆயிற்று. ரோண்ட்கன் எக்ஸ்-ரேயைக் கண்டதும் அதே ஆண்டுதான்.

ஒரு பேப்பர் கிளிப்

அல்ட்ராசவுண்டு எந்திரத்தைச் சோதிக்க இவ்வளவு தளவாடம் வேண்டாம். அதன் புரோபின் முனையில் முடி போன்ற அழுத்தமின் படிகத் துண்டுகள் நூற்றுக்கு மேல் வரிசையாக இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும்; எதிரொலி பட்டால் மின்சாரம் தரும். புரோப் கை தவறித் தரையில் விழுந்தால் சில துண்டுகள் செத்துப்போகும். படத்தில் மேலிருந்து கீழாக ஒரு நிழல் விழும். பார்ப்பதற்குப் பித்தப்பைக் கல்லின் நிழல்போலவே இருக்கும்.

சர்வீஸ் இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து, ஜெல் தடவாத புரோபின்மேல் ஓரம் முதல் ஓரம் வரை மெல்ல நகர்த்துவார். கிளிப் தொட்ட இடத்தில் திரையில் பளிச்சென்று கோடு வரும். எங்கே கோடு மங்குகிறதோ அங்கே படிகம் செத்திருக்கிறது. பிறகு அதே புரோபை எந்திரத்தின் வேறு சாக்கெட்டில் செருகுவார். நிழல் அங்கும் கூடவே வந்தால் குற்றம் புரோபில். வராவிட்டால் பழைய சாக்கெட்டின் பின்னாலிருக்கும் போர்டில். ஆளை மாற்றிப் பார்ப்பதுபோல இங்கே பகுதியை மாற்றிப் பார்க்கிறார். எதோடு பழுது போகிறது என்பதே கேள்வி.

பழுதைக் கண்டுபிடித்தாலும் எந்திரத்தை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட முடியாது. கருவிலிருக்கும் குழந்தையின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், எந்த எந்திரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பதிவில் இருக்க வேண்டும். பெண் சிசுக்கொலைச் செய்திகளால் 1980களில் நாடெங்கும் பேசப்பட்ட உசிலம்பட்டி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. இங்கே ஸ்கேன் எந்திரத்தைப் பழுதுபார்ப்பவர் அந்தக் கணக்கையும் மதித்தே வேலை செய்ய வேண்டும். எக்ஸ்-ரே என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள். கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் மார்பில் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாரும் கை நீட்டுவதில்லை.

யார் வருவார்?

ஒரு சந்தேகம் எழலாம். படங்களைக் கணினியே படிக்கும் காலத்தில் இந்தத் தொழிலுக்கு என்ன வேலை? 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைக் கேட்டைக் கண்டறியும் மென்பொருளைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். 1,28,175 படங்களைக் காட்டி அதைப் பழக்கியிருந்தார்கள். அரவிந்தும் அந்த ஆய்வில் பங்கெடுத்தது. அந்த மென்பொருளுக்கே, இந்தப் படம் பார்க்கத் தகுந்ததா என்பதையும் தனியாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. ஒரு படத்தை மட்டும் பார்க்கிற எதனாலும், அதற்கு முன்பு எடுத்த படத்திலும் இதே பொட்டு இருந்ததா என்று கேட்க முடியாது. எந்திரங்கள் பெருகப் பெருக அந்தக் கேள்விக்கும் வேலை கூடும்.

வசதி குறைந்த 16 நாடுகளின் 1,12,040 மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்த ஆய்வாளர்கள் பெரியும் மால்கினும், 38.3 விழுக்காடு கருவிகள் ஓடவில்லை என்று 2011இல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மால்கின் பங்கெடுத்த இன்னோர் ஆய்வு, அப்படி நின்றுபோன கருவிகளில் மூன்றில் இரண்டு பங்கை 107 அடிப்படைத் திறன்களைக் கற்றவரே ஓட்டிவிடலாம் என்றது. எர்த்தை அளப்பது, ஃபியூஸ் பார்ப்பது, கேபிளைச் சோதிப்பது, தூசி தட்டுவது போன்றவை. ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் முடித்த பிள்ளைகளுக்கு எட்டாத திறன் எதுவும் இதில் இல்லை.

எட்டாமல் இருப்பது வேறு ஒன்று. பல கம்பெனிகள் எந்திரத்தின் உள்மெனுவைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்திருக்கின்றன. சர்வீஸ் மேனுவலையும் தருவதில்லை. ஒரு ஃபேனை மாற்றிவிட்டு எரர் கோடை அழிக்கக்கூடக் கம்பெனி ஆள் வர வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த எந்திரம் இப்படித்தான் மூலையில் நிற்கத் தொடங்குகிறது. தென் மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வருகிறவருக்கு ‘இன்று மிஷின் ஓடவில்லை’ என்பது இன்னொரு நாள் கூலியும் இன்னொரு பயணமும். எனவே புதிய ஸ்கேன் எந்திரம் வாங்கும்போது எத்தனை ஸ்லைஸ், எத்தனை டெஸ்லா என்று கேட்பதோடு இன்னும் மூன்றைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பாஸ்வேர்டும் மேனுவலும் தருவீர்களா? எங்கள் ஆளுக்குப் பயிற்சி தருவீர்களா? உதிரிபாகம் மதுரையிலேயே இருக்குமா?